இவர்களுக்கா நடிக்கத் தெரியாது?

நான் சொல்லப்போகும் சங்கதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

போன தீபாவளிக்கு மறுநாள் ஜாசினில் என் பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். முறுக்கு டின் காலியாகி, கோழிக்கறி வாசம் மட்டும் மிச்சமிருந்த நேரம். தொலைக்காட்சியில் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு 81 வயது. நாற்பது வருஷம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பேரன் கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கிறவன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். "என்ன தாத்தா இது? கையை ஆட்டுறாரு, சிரிக்கிறாரு, ஓடுறாரு. இவருக்கு நடிக்கவே தெரியலியே! இதைப் போயி எப்படித்தான் பார்த்தீங்களோ" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், படம் முடியும்வரை வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சிரிப்பு பல நாள் என்னை உறுத்தியது. பையன் கேலி செய்தது எம்.ஜி.ஆரை. எழுந்து போனது பெரியப்பா. 'உன் நாயகனுக்கு நடிக்கத் தெரியாது' என்றால் 'உனக்கு ரசிக்கத் தெரியாது' என்றுதானே அர்த்தம்? தோட்டத்து மக்களைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள் எத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே 'நடிக்கத் தெரியாதவர்கள்' என்று பெயர் வாங்கிய சிலருக்காக இன்று வாதாடலாம் என்றிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில், நாம் படம் பார்த்த இடத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். படக்காரர் வேன் வந்து நின்றதுமே லயத்துப் பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை கச்சான் விற்பவருக்கு நல்ல வியாபாரம். ஒலிபெருக்கி கரகரக்கும். காற்றடித்தால் துணி உப்பும். கதாநாயகியின் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும். பிந்தி வந்தவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் தலைகீழ், எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார்! அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிய என் சித்தப்பா ஒருவர், எம்.ஜி.ஆருக்கு இடது கைப் பழக்கம் என்று நெடுநாள் சாதித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திடலின் கடைசி வரிசையில் இருந்தவருக்குப் பாதி வசனம் காதில் விழாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய், நிரை முடித்து, காண்டா வாளி சுமந்து ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு வந்த உடம்பு அது. உதட்டோரத் துடிப்பும் கண்ணோரத்து நீரும் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. அப்படிப்பட்டவருக்கும் கதை புரிய வேண்டுமென்றால், நடிகன் உடம்பு முழுவதாலும் பேச வேண்டும். அதுவும் நடிப்புத்தானே?

'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 பொங்கலுக்கு வந்த படம். எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒருவன் ராமு, அக்காள் கணவன் நம்பியாரின் சவுக்குக்கு நடுங்கும் கோழை. மற்றவன் இளங்கோ, எதற்கும் அஞ்சாதவன். இரண்டும் ஒரே முகம், ஒரே உயரம். ஆனால் நம் திடலில் யாராவது குழம்பினார்களா? ஆள் வாய் திறப்பதற்கு முன்பே, "இது பயந்தாங்கொள்ளி... இது நம்மாளு!" என்று பிள்ளைகள் கத்துவோம். எப்படித் தெரிந்தது? ராமுவின் தோள் முன்னால் குனிந்திருக்கும். நடக்கும்போது கால் தரையை விட்டுக் கிளம்பவே தயங்கும். இளங்கோ வந்தால் அறையே சிறிதாகிவிடும். ஒப்பனையை மாற்றாமல் முதுகெலும்பை மட்டும் மாற்றி இரண்டு மனிதர்களைக் காட்டியிருக்கிறார். 'கையை ஆட்டுகிறார்' என்ற கல்லூரிப் பையன் அந்த முதுகைப் பார்க்கவில்லை.

எம்.ஜி.ஆர். ஒரே நாளில் நட்சத்திரமாகிவிட்டவரும் அல்லர். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்தவர். முதல் படம் 1936-இல் வந்த 'சதி லீலாவதி'. அதில் அவருக்குச் சின்ன வேடம்தான். (அந்தப் படத்தின் கதாநாயகனே ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். நம் கதை அவ்வளவு சீக்கிரமே திரைக்கு வந்துவிட்டது.) 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக வருவதற்கு 1947 ஆகிவிட்டது. நடுவில் போன பதினோரு வருஷமும் சின்னச் சின்ன வேஷங்களிலேயே கழிந்தன. 1959-இல் சீர்காழியில் நாடக மேடைச் சண்டையில் கால் முறிந்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது வருஷம் திரையில் குதித்தும் பாய்ந்தும் சண்டை போட்டிருக்கிறார்.

1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு தொண்டையில் பாய்ந்து அவர் குரலைச் சிதைத்தது. பாட்டுக்குத்தான் டி.எம். சௌந்தரராஜன் இருந்தாரே, வசனத்துக்கும் இன்னொருவர் குரலை வைத்துக்கொண்டிருக்கலாம். எம்.ஜி.ஆர். அதைச் செய்யவில்லை. அதே ஆண்டு வந்த 'காவல்காரன்' படத்தில் உடைந்த குரலிலேயே பேசினார். திடலில் அந்தக் குரலை முதலில் கேட்டபோது என் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குரல்தான் நடிகனுக்குப் பாதிச் சொத்து என்பார்கள். அந்தச் சொத்து போன பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் அவர் படங்கள் ஓடின. நடிக்கத் தெரியாதவருக்கு இது நடக்குமா, சொல்லுங்கள்!

'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான இந்திய அரசின் 'பாரத்' விருது அவருக்குக் கிடைத்தது. உடனே கேலி கிளம்பியது. 'சிவாஜிக்குக் கொடுக்காமல் இவருக்கா?' என்று கேட்டார்கள். சிவாஜி கணேசன் பெரிய நடிகர் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1960-இல் கெய்ரோவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு வாங்கித் தந்ததும், இந்தியாவின் அந்தத் தேசிய விருது கடைசிவரை அவருக்குக் கிடைக்காமல் போனதும் நமக்கும் வருத்தம்தான். ஆனால் சிவாஜி என்ற ஒரே படியை வைத்துக்கொண்டு எல்லா நெல்லையும் அளப்பது என்ன நியாயம்? அமெரிக்காவில் ஜான் வெய்ன் என்ற குதிரைச் சண்டை நடிகரையும் இப்படித்தான் சொன்னார்கள். 'எல்லாப் படத்திலும் ஜான் வெய்னாகவே வருகிறார்' என்றார்கள். 1969-இல் வந்த 'ட்ரூ கிரிட்' படத்துக்கு அவருக்கு ஆஸ்கார் கிடைத்தபோது, நடிக்க வந்து நாற்பது வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் சட்டென்று புரியும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். மேலாகப் போனால் பால் வராது. அந்த மயிரிழையில் வருஷக்கணக்காகக் காயமில்லாமல் வெட்டுகிறவரின் மரத்தைப் பாருங்கள், பட்டை வழவழவென்றிருக்கும். பார்க்க ஒன்றுமே இருக்காது. தண்டலோ கிராணியோ காயம் கண்டால் கூப்பிட்டுத் திட்டுவார். காயமில்லாத மரத்துக்கு முன்னால் நின்று 'சபாஷ்' என்று சொன்னதை யாராவது கேட்டதுண்டா? வெளியே தெரியாமல் வேலை செய்யும் நடிகர்களின் கதையும் அதுதான்.

அப்படி மறக்கப்பட்டவர்களில் நமக்கு மிக நெருங்கியவர் ரவிச்சந்திரன். எத்தனை பேருக்குத் தெரியும், அவர் கோலாலம்பூரில் பிறந்தவர் என்று? சிறுவயதில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போனவர். டைரக்டர் ஸ்ரீதர் அவரைக் கண்டெடுத்து, 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் கதாநாயகனாக்கினார். அந்தப் படம் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது பாலையாவும் நாகேஷும்தான். நாகேஷ் கதை சொல்ல, பாலையா பயந்து நடுங்கும் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ரவிச்சந்திரனைக் கேட்டால், "அழகாக இருப்பார், நன்றாக ஆடுவார்" என்பதோடு சரி.

ஆனால் தோட்டத்துக்காரர்களாகிய நீங்கள் அவர் வேடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இளைஞன். முதலாளியின் பெண்களோடு வந்த தகராறில் வேலை போகிறது. அவன் என்ன செய்கிறான்? முதலாளி பங்களா எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கொடு என்று ஆடிப் பாடிப் போராடுகிறான்! துரை பங்களாவின் கேட்டுக்குள் கால் வைக்கவே யோசித்த காலத்தில் நாம் இதைப் பார்த்தோம். திடலில் எழுந்த விசில் சத்தம் துரை பங்களாவுக்கே கேட்டிருக்கும். அந்தக் காட்சியில் கொஞ்சம் கோபம் கூடினால் தமாஷ் கெட்டுவிடும். கொஞ்சம் குறைந்தால் அவன் வெறும் பொறுக்கி ஆகிவிடுவான். எதிரே நிற்பவரோ பாலையா, மேடையிலும் திரையிலும் பழம் தின்று கொட்டை போட்டவர். முதல் படத்திலேயே ஒரு புதுப் பையன் அவர் முன்னால் கால் நடுங்காமல் நின்று, காட்சியை லேசாக வைத்துக்கொண்டான். காயமில்லாத வெட்டு என்று நான் சொன்னது இதைத்தான். 'இதயக் கமலம்', 'குமரிப்பெண்', 'அதே கண்கள்', 'நான்' என்று பிறகும் படங்கள் ஓடின. 'சாக்லேட் முகம்' என்ற பட்டத்தோடு அவரை ஒதுக்கிவிட்டார்கள். 2011-இல் காலமானார். இங்கே பிறந்த பிள்ளைக்கு நாமாவது இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்பது என் மனக்குறை.

ஜெய்சங்கர் சங்கதி வேறு. 1965-இல் 'இரவும் பகலும்' படத்தில் வந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் அவர் படம் ஒன்று வெளியாகிறது என்று சொல்லும் அளவுக்கு நடித்துத் தள்ளினார். துப்பாக்கியும் தொப்பியுமாக 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர். அந்தப் படங்களில் சில சுமார்தான், அதில் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் 1971-இல் கே. பாலசந்தர் 'நூற்றுக்கு நூறு' எடுத்தபோது யாரைக் கூப்பிட்டார்? மாணவிகள் பழி சுமத்தும் கல்லூரிப் பேராசிரியர் வேடம் அது. கத்தி அழவும் முடியாது, யாரையும் அடிக்கவும் முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். விமர்சகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பாலசந்தர், அவர்கள் ஒதுக்கிய ஜெய்சங்கரை நம்பினார். 1980-இல் 'முரட்டுக்காளை'யில் இன்னொரு விதமாகவும் தன்னைக் காட்டினார். அத்தனை படங்களில் கதாநாயகனாக இருந்தவர், ரஜினிகாந்திடம் அடி வாங்கும் வில்லனாக வரச் சம்மதித்தார். அதற்கும் ஒரு தைரியம் வேண்டுமல்லவா?

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி 'ஊமை விழிகள்'. 1986-இல் வந்தது. அதை எடுத்தவர்கள் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள். நடிப்பென்றால் என்ன என்று புத்தகம் வைத்துப் படித்தவர்கள், 'இவர்களுக்கு நடிக்கத் தெரியாது' என்று முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள். அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள்: பத்திரிகை ஆசிரியராக ஜெய்சங்கர், வில்லனாக ரவிச்சந்திரன், போலீஸ் அதிகாரியாக விஜயகாந்த்! ஊர் ஒதுக்கிய மூன்று பேரும் ஒரே படத்தில். அந்தச் சாக்லேட் முகத்திலிருந்து அப்படி ஒரு குளிர்ந்த கொடூரம் வரும் என்று யாராவது எதிர்பார்த்தார்களா? இரவில் அந்தப் படம் பார்த்துவிட்டு லயத்துக்கு வெளியே தனியாகப் போகப் பயந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

விஜயகாந்த் மதுரை அரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கறுப்பு என்று சொல்லி ஒதுக்கப்பட்டவர். நம் நிறம்தான் அது. அதனால்தானோ என்னவோ, 1984-இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் தாடியும் அழுக்கு வேட்டியுமாக வெள்ளைச்சாமியாக வந்தபோது, தோட்டத்தில் நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரைப் பார்ப்பது போலிருந்தது. சுவரில் கால் வைத்துச் சுழன்று உதைப்பதை மட்டும் வைத்துக் கேலி செய்தவர்கள் அந்த வெள்ளைச்சாமியின் மௌனத்தை மறந்துவிட்டார்கள். தென்னிந்திய நடிகர் சங்கத்துக் கடனை அடைக்க 2002-இல் நட்சத்திரப் பட்டாளத்தையே மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிவந்து கலைவிழா நடத்தினார். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது, கேலி செய்தவர்களில் பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராமராஜனைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. பச்சைச் சட்டை, சிவப்புச் சட்டை, மாட்டுத் தொழுவம் என்று கேலி செய்யாதவர் இல்லை. 1989-இல் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இளையராஜா இசைதான் காரணம், கவுண்டமணி, செந்தில்தான் காரணம் என்பார்கள். இருக்கட்டும். இளையராஜா இசையமைத்த எல்லாப் படமும் அப்படி ஓடிவிட்டதா?

பெண்களை மட்டும் விட்டுவிட்டால் என் தங்கைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சில்க் ஸ்மிதாவின் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். அவர் பாட்டு வந்தால் திடலில் ஆண்கள் முண்டியடிப்பார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் 1981-இல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். அதில் அவர் ஒரு முரட்டுக் கணவனின் மனைவி. சேலை இழுத்துப் போர்த்தி, வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் நிற்கும் பெண். குடித்துவிட்டு வரும் புருஷனுக்குப் பயந்து, பிள்ளைகளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்ற பெண்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! அந்தக் கண்களை எங்கே பார்த்தோம் என்று அன்று சிலருக்குத் தெரிந்தது. அப்படி நடிக்கத் தெரிந்தவருக்கு, பிறகு நூற்றுக்கணக்கான படங்களில் ஆட மட்டுமே சொன்னார்கள். 1996-இல் 35 வயதில் இறந்துபோனார். திறமை இல்லாதவர் என்ற பெயர் சிலருக்கு எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. பி. ரம்லியின் முகம் கதாநாயகனுக்கு ஏற்றதல்ல என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 1950-இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரை முதலில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற நம்மவர். பிறகு ரம்லி எட்டாத உயரமில்லை. ஆனால் 1964-இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்து எடுத்த கடைசிக்காலப் படங்களை இதே ஜனங்கள் ஒதுக்கினார்கள். 1973-இல் 44 வயதில் இறந்தார். 'டான் ஸ்ரீ' பட்டம் 1990-இல் வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் படித்தவர்கள், நல்லவர்கள்கூட. 'இந்த நடிகர்கள் உங்களைக் கனவில் ஆழ்த்தினார்கள். திரையில் ஒருவன் முதலாளியைச் சாட்டையால் அடிப்பதைப் பார்த்துவிட்டு, நீங்கள் காலையில் பேசாமல் பிரட்டுக்குப் போனீர்கள்' என்பார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்து இரண்டு வருஷம் கழித்து, 1967-இல், நம் மலாக்காவின் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். சினிமா பார்த்துத்தான் அவர்கள் நடந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அவர்களுக்கு அவமானம். ஆனால் அவர்களும் துணி கட்டிய திடலில் அதே படங்களைப் பார்த்து விசிலடித்தவர்கள்தாம். கனவு கண்டதால் அவர்கள் கால் ஓய்ந்துவிடவில்லை.

போன மாதம் மறுபடி ஜாசினுக்குப் போயிருந்தேன். அந்தப் பேரனும் விடுமுறைக்கு வந்திருந்தான். பெரியப்பாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, "ராமு எப்படி நடப்பான் பெரியப்பா?" என்று கேட்டேன். முழங்கால் வலிக்காரர், "சும்மா இரு" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளைக் குனித்து நாலடி நடந்தார். அவர் நின்று, மூச்சு வாங்கி, தலையை நிமிர்த்தி அதே நாலடியைத் திரும்பி நடந்தபோது பேரன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டான். "இன்னொரு தடவை காட்டுங்க தாத்தா" என்றான். "போடா, கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பேச்சு ஜெய்சங்கருக்குப் போனது. 'நூற்றுக்கு நூறு' படத்தைப் பெரியப்பா பாதிதான் பார்த்திருக்கிறாராம். தோட்டத்தில் அன்று நடுப்படத்தில் மழை கொட்டி, ஜெனரேட்டர் நின்று, படக்காரர் சுருளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வாத்தியார் தப்பு செய்தாரா இல்லையா என்று ஐம்பது வருஷமாக அவருக்குத் தெரியாது. பேரன் தன் கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஜாசின் பக்கம் இருக்கும் வாசகர்கள் யாராவது அதற்குள் சந்தையிலோ கோயிலிலோ அவரைப் பார்த்தால், முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.